எங்கள் வீட்டு ‘டாக்ஸி’



போன வாரம் வாசலில் நிற்கும் வெள்ளை எட்டியோஸ் படத்தைப் போட்டேன். வாழ்த்தை விடக் கேள்விதான் அதிகம் வந்திருக்கிறது. “ரிட்டயர்டு ஆன பிறகு டாக்ஸி ஓட்டப் போறீங்களா சார்?” என்று ஒரு 2003 பேட்ச் குறும்பன். “மச்சான், இன்னொரு ரெண்டு லட்சம் போட்டா புதுசே வாங்கியிருக்கலாமே” என்று மதுரையிலிருந்து என் மைத்துனர். “இந்தக் காலத்தில் போய் டீசலா?” என்று கேட்டவர்கள் மட்டும் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. ஆகவே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். நாற்பது நிமிட பீரியட் எடுத்துப் பழகியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு எட்டு மாதம் முன்பு இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மதுரைக்கு மாதம் இரண்டு முறை பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் போகவேண்டும். கோவில்பட்டியிலிருந்து போக நூறு, வர நூறு கிலோமீட்டர். அது போக, நாகர்கோவிலில் அவளுடைய அம்மா இருக்கிறார்கள். 88 வயது. முன்பெல்லாம் பஸ் ஏறி மாதம் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவாள். அறுவைக்குப் பிறகு ஐந்து மாதம் போகவே இல்லை. போனில் பேசும்போதெல்லாம் அத்தை கேட்பது ஒன்றுதான்: “எப்பம்மா வருவே?” இவள் பதில் சொல்லாமல் போனை என் கையில் கொடுத்துவிடுவாள். வாடகைக் கார் வைத்துப் போகலாம் என்றால், “ஒவ்வொரு தடவையும் நாலாயிரம் ஐயாயிரமா, வேண்டாங்க” என்று அதையும் தடுத்துவிடுவாள். கார் வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தது இதனால்தான்.

பட்ஜெட் நான்கு லட்சம். அதில் வண்டிக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம், மீதி நாற்பதாயிரம் தனியாக ஒரு கவரில். பழைய வண்டி வாங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்: கையிலிருக்கும் முழுத் தொகைக்கும் வண்டி பார்க்காதீர்கள். வாங்கிய முதல் மாதத்திலேயே டயர், பேட்டரி, எல்லா ஆயிலும், ஃபில்டரும் என்று அது ஒரு தவணை கேட்கும்.

இனி டீசல் விஷயம். நான் கணக்குப் போட்ட அன்று இங்கே டீசல் சுமார் 93 ரூபாய், பெட்ரோல் 101. எங்கள் ஓட்டம் மாதம் 1,300 கிலோமீட்டர், கிட்டத்தட்ட எல்லாமே நான்கு வழிச்சாலை. டீசல் செடான் லிட்டருக்கு 20 கொடுத்தால் மாதம் 65 லிட்டர், சுமார் 6,050 ரூபாய். அதே அளவு பெட்ரோல் வண்டி 15 கொடுத்தால் 8,750 ரூபாய். மாதம் 2,700 மிச்சம். ஆனால் மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு இதே கணக்கில் 830 ரூபாய்தான் மிச்சமாகும். பழைய டீசலில் ஒரு இன்ஜெக்டர் மாற்றினாலே அந்த வருட மிச்சமெல்லாம் போய்விடும். மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டுகிற என் மாணவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு டீசல் வாங்கக் கிளம்பவேண்டாம். உங்களுக்குப் பெட்ரோல்தான்.

காசு மட்டும் காரணமில்லை. பதினொன்றாம் வகுப்பில் திருப்பு விசை நடத்தியது நினைவிருக்கிறதா? கரும்பலகையில் ஸ்பேனர் படம் போடுவேனே, அதுதான். எட்டியோஸ் டீசல் எஞ்சின் 1,364 சி.சி.; குதிரைத்திறன் 68-தான். பெட்ரோல் எட்டியோஸில் 90. ஆனால் திருப்பு விசையைப் பாருங்கள்: டீசலில் 170 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,800 சுற்றிலேயே வந்துவிடும். பெட்ரோலில் 132, அதற்கும் 3,000 சுற்றுக்குப் போகவேண்டும். சாத்தூர் தாண்டி ஒரு லாரியை முந்த வேண்டுமானால் டீசலில் கியரை மாற்றாமல் காலை லேசாக அழுத்தினால் போதும். எஞ்சின் அலறாது, வண்டி குலுங்காது. பக்கத்தில் இடுப்பில் தையல் போட்டவர் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குலுங்காமை பெரிய விஷயம்.

ஏன் பழசு என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 விதி வந்ததும் மாருதி டீசலை நிறுத்தியது. எட்டியோஸும் அந்த வருடத்தோடு முடிந்தது. சிட்டி, வெர்னா டீசல்கள் 2023 வரை தாக்குப் பிடித்தன. புது டீசல் செடான் நம் பட்ஜெட்டில் இப்போது கடையிலேயே கிடையாது. பி.எஸ்.6 டீசல்களில் புகையை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று இருக்கும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய நம்மூர் சின்ன டீசல்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். உட்காரும்போது முழங்கால், இடுப்பை விட மேலே போகக் கூடாது. தாழ்ந்த சீட்டு ஆகவே ஆகாது. சரி, உயரமான எஸ்.யு.வி. வாங்கலாமே என்றால், அதில் காலைத் தூக்கி ஏறவேண்டும், அதுவும் ஆகாது. முதலில் பின்பக்கமாகச் சீட்டில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். சீட்டின் மேல் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டால் சுலபமாகத் திரும்பலாம் (இது அவர் சொன்ன யோசனைதான், அருமையான யோசனை. உட்கார்ந்ததும் உருவிவிடவேண்டும்).

அப்புறம் என்ன, தையல்கார டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வண்டி பார்க்கப் போன இடத்திலெல்லாம் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. முன் கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட்டு வரை அளந்தேன். புரோக்கர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவர், “சார் சட்டை தைக்கப் போறீங்களா?” என்றே கேட்டுவிட்டார்.

வென்டோ ஓட்டிப் பார்த்தேன். சாலையைக் கவ்விக்கொண்டு என்ன அழகாக ஓடுகிறது! இருபது வயது குறைவாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் இவள் உட்கார்ந்ததும் எழுந்திருக்க என் கை தேவைப்பட்டது. சியாஸ் உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி இடம், பின்சீட்டுக்கு ஏ.சி. காற்று வரும் துவாரமும் உண்டு. பின்னால் உட்கார்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வண்டி இந்த விலையில் இல்லை என்பேன். ஆனால் நல்ல நிலையில் இருந்ததெல்லாம் நான்கரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். சன்னியும் தாராளமான வண்டிதான். நம் பக்கத்தில் அதற்குக் கை பழகிய மெக்கானிக் குறைவு. டிசையரில் இருக்கும் 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட்காரன் வடிவமைத்தது. டாடா, ஷெவர்லே வரைக்கும் எல்லோரும் வாங்கிப் போட்டார்கள், எந்த ஊரிலும் ரிப்பேர் பார்ப்பார்கள். ஆனால் வரிச்சலுகைக்காக நான்கு மீட்டருக்குள் அடக்கிய வண்டி அது. டிக்கி 316 லிட்டர். எட்டியோஸ் டிக்கி 595 லிட்டர். எங்களுக்கு வாக்கர், மடக்கு நாற்காலி, உயரம் கூட்டிய டாய்லெட் சீட், அத்தைக்குக் கொண்டுபோகும் இரண்டு கட்டைப் பை எல்லாம் ஏறவேண்டும். ஊர்ப் பெருமையாகிய கடலைமிட்டாய் இல்லாமல் போனால் அங்கே வாசலில் விடமாட்டார்கள் வேறு!

எட்டியோஸில் இவள் தானாக உட்கார்ந்து, தானாகக் காலைத் திருப்பி, தானாக எழுந்து வெளியே வந்தாள். “இது போதுங்க” என்றாள். அன்றே முடிவாகிவிட்டது, எந்த மாடல் என்பது. எந்த வண்டி என்பதற்கு இன்னும் ஆறு வாரம் ஆனது.

பைபாஸ் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் 96 பேட்ச் மாணவன்தான் கூடவே வந்தான். பாடத்தில் சுமார்தான். காதைக் கொடுத்து எஞ்சினைக் கேட்பதில் அவன்தான் எனக்கு வாத்தியார். ஒரு வீட்டில் போய் இறங்கியதுமே பானெட்டின் மேல் கையை வைத்தான். சூடாக இருந்தது. “சார், நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேத்தி வச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில வருவோம்” என்றான். ஆறிய எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதில்தான் டீசலின் குட்டு வெளிப்படுமாம். மறுநாள் போனோம். நாலு தடவை சுற்றிவிட்டு, வெள்ளைப் புகையோடு முனகிக்கொண்டு எழுந்தது. வந்துவிட்டோம்.

இன்னொரு வண்டி, தூத்துக்குடிப் பக்கம். விலை கேட்டு எனக்கு ஆசை வந்துவிட்டது, எழுபதாயிரம் குறைவு. உள்ளே பளபளவென்று இருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் பின்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான். கடைசி முழத்தில் காய்ந்த சேற்றுக் கோடு. 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றால் வெளியே தெரியாது. சீட்டு வெளியில் தெரிகிற இடம், துடைத்துவிடுவார்கள். சுருண்டு உள்ளே போகிற பெல்ட்டை யாரும் துடைப்பதில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத் துருவையும், தரைவிரிப்புக்குக் கீழே மூக்கை வைத்தும் பாருங்கள். “சார், இது நம்ம அம்மாவுக்கு வேண்டாம் சார்” என்றான். நம்ம அம்மா என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எட்டியோஸில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. மஞ்சள் போர்டில் லட்சக்கணக்கில் ஓடிவிட்டு, வெள்ளை போர்டுக்கு மாறி வருபவை நிறைய. மீட்டரை நம்பாதீர்கள். மீட்டர் அறுபதாயிரம் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்து, ஸ்டீயரிங் வழவழவென்று இருந்தால், பெடலைத்தான் நம்பவேண்டும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. சர்வீஸ் பில்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள், தேதியும் கிலோமீட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப் போகிறதா என்று. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் லேசான மூச்சு வரலாம். குபுகுபுவென்று புகை வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

என் தங்கை மகன் டெல்லிப் பதிவு வண்டி ஒன்றை இன்டர்நெட்டில் காட்டினான், பாதி விலை. பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதிலிருந்து இப்படி நிறையத் தெற்கே வருகின்றன. என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபடி சாலை வரி கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும். வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது விருதுநகரில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீட்டில். 2015 மாடல், ஒரே ஓனர், 82,000 கிலோமீட்டர், ஒரு பில் விடாமல் ஃபைலில் துளை போட்டுக் கோத்து வைத்திருந்தார். ஃபைலைப் பார்த்ததுமே எனக்குப் பாதி மனசு வந்துவிட்டது. மூன்று லட்சத்து எழுபத்தைந்து சொல்லி, காபி கொடுத்து, ஐம்பத்தெட்டில் முடிந்தது. படிவம் 29, 30-இல் கையெழுத்து, பழைய கடன் அடைத்ததற்கு வங்கிக் கடிதமும் படிவம் 35-ம், பாக்கி அபராதம் எதுவும் இல்லை என்று ஆன்லைனில் பார்த்தது, பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தது எல்லாம் ஒழுங்காக நடந்தது. இன்சூரன்ஸ் விஷயத்தில் ஒன்று: நோ கிளைம் போனஸ் பழைய ஓனருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது.

கவரில் வைத்த நாற்பதாயிரத்தில் முப்பத்தோராயிரம் போய்விட்டது. நான்கு டயர், பேட்டரி, ஆயில்கள், முன்பக்க ஷாக் அப்சர்பர் புஷ்கள். நூறு கிலோமீட்டர் விரட்டிவிட்டு வந்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள் சார், டர்போ ஆற ஒரு நிமிடம் ஓடவிடுங்கள் என்று மாணவன் உத்தரவு. அந்த ஒரு நிமிடத்தில் இவள் பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்து விரித்துக்கொள்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. எஞ்சின் சத்தம் உள்ளே கேட்கும், சீட்டுத் துணி சாதாரணம். எடை குறைந்த வண்டி. ஆரல்வாய்மொழி முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. அங்கே வேகத்தை அறுபதுக்குக் குறைத்துவிடுகிறேன். இன்னொரு சங்கடம், இந்த வண்டியில் ஸ்பீடு மீட்டர் டிரைவருக்கு நேராக இல்லாமல் நடுவில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கும் முள் தெளிவாகத் தெரியும். எண்பதைத் தொட்டாலே “என்னங்க” என்று ஒரு குரல் வரும். முப்பத்தாறு வருட இல்லறத்தில் அந்த ‘என்னங்க’வின் எல்லா ராகமும் எனக்குத் தெரியும்.

இதுவரை ஐந்து தடவை நாகர்கோவில் போய் வந்துவிட்டோம். முதல் தடவை அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நின்றதும் எழுந்து வந்து, மகளைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்கள்: “மாப்பிள்ளை, டிரைவருக்குச் சாப்பாடு வைக்கணுமா?”

நான்தான் டிரைவர் என்றேன். அன்றைக்கு எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகக் கிடைத்தது.

வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம், ஓட்டியும் பார்க்கலாம். முதல், மூன்றாம் ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்று வீடு பூட்டியிருக்கும்.