ஏரி காத்த டிராக்டர்

அக்டோபர் பிறந்ததும் சென்னைவாசிகள் பரணிலிருந்து குடையை இறக்கி, கம்பி உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் சித்தப்பா டிராக்டரின் தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பார்.

சித்தப்பாவுக்கு மதுராந்தகம் பக்கத்தில் நாலு ஏக்கர் நிலம், ஒரு பழைய மாஸி ஃபெர்குஸன் 1035. வருஷத்தில் பத்து மாதம் அது உழும். ஐப்பசியும் கார்த்திகையும் மட்டும் பின்னால் ஒரு பெரிய பம்ப்பை மாட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து, தண்ணீர் இறைக்கும். மாநகராட்சியே மழைக்காலத்தில் டிராக்டர் பம்ப்புகளை வாடகைக்கு எடுத்து சுரங்கப்பாதைகளில் நிறுத்துகிறது. சித்தப்பாவுக்கு கான்ட்ராக்ட் எல்லாம் கிடையாது. அவர் வருவது மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்கு. காரணம், கிரவுண்ட் ஃப்ளோரில் படுத்திருக்கும் என் பாட்டி. அதாவது அவருடைய அம்மா.

போன வாரம் முதல் ரயிலில் மாம்பலம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை, சட்டைப் பையில் ஒரு லிஸ்ட்.

"ஆபீஸுக்கு லீவு போடுடா. சாமான் வாங்கணும்."

"என்ன காரணம்னு எழுதறது சித்தப்பா?"

"வெள்ளம்னு எழுது."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் 'தலைவலி' என்று எழுதிவிட்டு பைக்கை எடுத்தேன்.

துரைசாமி சப்வேயில் இறங்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது. "இது பள்ளம். இங்க தண்ணி நிக்காம வேற எங்கடா நிக்கும்?" மேலே ஏறி உஸ்மான் ரோடு, பனகல் பார்க். "இந்தப் பக்கமெல்லாம் ஏரி, தெரியுமா?" தெரியும். மாம்பலம் ஏரியை மேடாக்கித்தான் 1920-களில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஏரி போய்விட்டது; மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் மிச்சம். அதில் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரிவது அடுத்த வீட்டு பால்கனிதான். வருஷத்தில் நாலு நாள் ஏரி பழைய விலாசத்துக்குத் திரும்பி வருகிறது. அப்போது பெயர்ப்பலகை சரியாகிவிடுகிறது!

மவுன்ட் ரோடில் சிம்ப்ஸன் கட்டடத்தைத் தாண்டியபோது பின்சீட்டில் ஓர் அசைவு. கண்ணாடியில் பார்த்தேன். சித்தப்பா கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கோயில் எங்கே இருக்கு இங்கே?"

"இதான். நம்ம வண்டி இன்ஜின் இவங்களோடதுடா."

1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனி. அதே குழுமத்தின் டாஃபே 1960-ல் தொடங்கப்பட்டு, செம்பியத்தில் டிராக்டர் செய்தது. ஆக, சென்னையில் பிறந்த ஜாதி கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், மழைக்காலத்தில் பிறந்த வீட்டுக்கு ஒத்தாசைக்கு வருகிறது.

புதுப்பேட்டையில் பேரில் மட்டும்தான் புதுசு. தெருவெங்கும் கழற்றிப் போட்ட கியர் பாக்ஸ், கதவு, ரேடியேட்டர். சித்தப்பா பம்ப்புக்கு ஃபுட் வால்வும், ஷாஃப்ட்டுக்கு ஒரு ஜாயின்ட்டும் பழசில் பேரம் பேசி வாங்கினார். ஆனால் டீசல் ஃபில்டர் என்று வந்ததும் நேராகப் புதுச் சாமான் கடைக்குப் போய், சொன்ன விலையைக் கொடுத்தார். அதுவும் இரண்டு செட்.

பஸ் டிக்கெட்டுக்கே பேரம் பேசுகிற மனுஷர்! எனக்குக் காரணம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

2021 நவம்பர் 6 ராத்திரி பிடித்த மழை, விடிவதற்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். சித்தப்பாவின் பம்ப் ஓடிக்கொண்டிருந்தவரை வீட்டு வாசல்படி தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஜின் இருமியது, நின்றது. 'இன்னொரு வருஷம் ஓடும்' என்று மாற்றாமல் விட்ட ஃபில்டர் அடைத்து, டீசல் லைனில் ஏர் பிடித்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் நட்டைத் தளர்த்தி, ஏர் எடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்ய ஒன்றரை மணி நேரம். அதற்குள் தண்ணீர் கட்டிலைத் தொட்டது. பாட்டியை நாற்காலியோடு தூக்கி முதல் மாடிக்குக் கொண்டுபோனோம். தாத்தா எழுதிய கடிதங்கள் இருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்க யாருக்கும் கை மிச்சமில்லை.

பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பாவும் இதுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. ஃபில்டர் மட்டும் இரண்டு செட் வாங்குகிறார்.

திரும்பும்போது மயிலாப்பூரில் காபி. பக்கிங்ஹாம் கால்வாயில் தூண் நட்டு அதன்மேல் ஓடும் பறக்கும் ரயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, குனிந்து கால்வாயைப் பார்த்தார். "தண்ணி போற வழியில காலை வெச்சுக்கிட்டு நிக்குது பாரு." பிறகு பட்டினப்பாக்கம் வழியாக அடையாறு முகத்துவாரம். 1977-ல் இடிந்த உடைந்த பாலம் அப்படியே நிற்கிறது. நமக்கெல்லாம் அது போட்டோ எடுக்கும் இடம். சித்தப்பா பார்த்தது மணல் திட்டை.

"நான் உங்க தெருவுல இறைச்சா அது மாம்பலம் கால்வாய்க்குப் போவும். அது நந்தனத்துல அடையாத்துல சேரும். ஆறு இங்க கடல்ல விழணும். வாய் அடைச்சிருந்தா? அங்க இறைச்சது அங்கயே திரும்பி வரும். மழைக்கு முன்னாடி இந்த மணலை வெட்டணும்டா. இல்லேன்னா என் டிராக்டரு ஊருக்கெல்லாம் தண்ணி காட்டுற வேலைதான் செய்யும்."

2015 டிசம்பரில் இதே ஆறுதான் சைதாப்பேட்டைப் பாலத்தை முழுக்கியது. அன்று எந்த டிராக்டராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. தெருத்தண்ணீரை இறைக்கலாம், ஆற்றை இறைக்க முடியாது. அது சித்தப்பாவுக்கும் தெரியும். அவர் கையில் இருப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் போனேன். காலையிலிருந்து வேலை. இன்ஜின் ஆயில் மாற்றினோம். ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழுவிப் புது ஆயில் விட்டோம். பாட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, வாஸலைன் தடவினேன். டாங்க்கில் டீசலைத் தளும்ப நிரப்பினார். பாதி காலியாக விட்டால் உள்ளே ஈரம் கோத்துத் தண்ணீராகிவிடுமாம். பம்ப்புக்குப் புது கிளாண்டு கயிறு. உறிஞ்சும் ஹோஸில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் காற்றை இழுத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிடும் என்று அங்குலம் அங்குலமாகத் தடவினார். ஹோஸ் வாயில் இரும்புக் கூடை. இல்லாவிட்டால் மாம்பலத்து ஜவுளிக்கடைப் பைகளெல்லாம் பம்ப்புக்குள் போய்விடும்!

பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றவிடுமுன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேட்டியை அவுத்துட்டு வா."

"சித்தப்பா!"

"டவுசர் போட்டுக்கிட்டு வாடா. நிமிஷத்துக்கு 540 சுத்து. வேட்டி நுனியைப் புடிச்சா ஆளையே சுருட்டிடும். அப்புறம் இன்னொண்ணு. உங்க அபார்ட்மென்ட்காரங்க மழை நனையாம பேஸ்மென்ட்ல வெச்சு ஓட்டச் சொல்வாங்க. ஓட்டவே கூடாது. புகையே ஆளைக் கொன்னுடும். வண்டி வெளியே, ஹோஸ் மட்டும் உள்ளே."

சாவியைத் திருப்பினார். முதல் தடவை ஒரு முனகல். இரண்டாவது தடவை 'டுப் டுப்' என்று கறுப்புப் புகையோடு பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு நிறுத்தி, மழை இறங்காமல் சைலன்ஸர் வாயில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தார்.

சாயங்காலம் ஏரி காத்த ராமர் கோயில். வெள்ளைக்காரக் கலெக்டர் காலத்தில் ஏரி உடைய இருந்த ராத்திரி, ராமரும் லட்சுமணரும் கரையில் காவல் நின்றதாக ஐதீகம்.

"எங்க ஊர்ல ராமர் ஏரியைக் காப்பாத்தினாரு. உங்க ஊர்ல ஏரியைப் பிளாட் போட்டுட்டீங்க. அப்புறம் அவரு எங்கடா வந்து நிப்பாரு?" என்றார் சித்தப்பா.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டாள்: "வண்டி கிளம்பிச்சா?"

"கிளம்பிச்சு பாட்டி. ரெண்டாவது தடவையிலேயே."

"அவன் சாப்பிட்டானா?" என்றாள்.

டிரங்குப் பெட்டி இப்போது முதல் மாடியில் இருக்கிறது. பாட்டி இன்னும் கீழேதான் படுக்கிறாள்.