கொளத்தூரில் ஒரு குட்டிக் கடல்

சென்னைக்கு வந்தால் மெரீனா, மயிலாப்பூர், தி.நகர் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை குழந்தைகளோடு வடசென்னைப் பக்கம் கொளத்தூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வண்ண மீன்களுக்குப் பேர் போன இடம். வரிசையாகக் கடைகள், பிராணவாயு நிரப்பி ரப்பர் பாண்டு போட்ட பாலிதீன் பைகளுக்குள் தங்க மீனும் கப்பியும் துள்ளுவதைப் பார்த்தால் பெரியவர்களுக்கே நகர மனசு வராது!

என் மகளுக்கு உப்புத் தண்ணீர் மீன்தான் வேண்டுமாம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். இதை மண்டபத்திலுள்ள கடல் மீன் ஆராய்ச்சி மையத்தில் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீனாகக் கேட்டு வாங்குவது நல்லது. நம் கடலில் பிடுங்கிய கல் பவளத்தை மட்டும் தொடவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

என் கவலையெல்லாம் கரண்டு பில்தான். கடைக்கார அம்மாளிடம் கேட்டேன்.

"முன்னெல்லாம் பவளத் தொட்டிக்கு 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு போடுவாங்க அக்கா. தண்ணி சூடாயிடும். அதைக் குளிர வைக்க இன்னொரு மிஷின்! உங்களுக்கு மீனும் கல்லும்தானே? எல்.இ.டி. பட்டை தாராளம். வீட்டிலேயே செஞ்சுக்கலாம்" என்றாள்.

மனக்கணக்குப் போட்டேன். தினம் 8 மணி நேரம் எரிந்தால் 150 வாட் விளக்குக்கு மாதம் 36 யூனிட். 30 வாட் என்றால் 7 யூனிட் சொச்சம்தான்!

அங்கிருந்து நேரே மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெரு. கால் வைக்க இடமில்லாத அந்தச் சந்துகளில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமானே இல்லை. 2 அடித் தொட்டிக்கு நான் வாங்கியவை: மீட்டருக்கு 14.4 வாட் கொண்ட, சிலிக்கான் பூசிய 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை (வெள்ளை 1.2 மீட்டர், நீலம் 60 சென்டிமீட்டர்), 2 அடி அலுமினியச் சட்டம், அதே அளவில் அக்ரிலிக் தகடு, 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர்.

நீலம் எதற்கு என்கிறீர்களா? கடலுக்குள் சிவப்பு ஒளி சீக்கிரம் மங்கிவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். அந்தச் சாயல் வந்தால்தான் தொட்டி கடலாகத் தெரியும். நீல எல்.இ.டி.யை உருவாக்கிய 3 விஞ்ஞானிகளுக்கு 2014-ல் பௌதிக நோபல் பரிசே கிடைத்தது!

செய்முறை சுலபம். பட்டையில் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். இரண்டு வெள்ளை, நடுவே ஒரு நீலம் என்று சட்டத்தில் ஒட்டுங்கள். அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்ளும். கூட்டல், கழித்தல் குறி மாறாமல் வயரைப் பற்றவைக்க வேண்டும். பழக்கமில்லாவிட்டால் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். உப்பு தெறித்து அரிக்காமலிருக்க அக்ரிலிக் தகட்டால் மூடி, தண்ணீருக்கு அரை அடி மேலே சங்கிலியில் மாட்டுங்கள். தினம் 8 மணி நேரம் போதும். அதிகமானால் பாசி பிடிக்கும்.

இளம் தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விளக்குக்குப் போவது 12 வோல்ட்தான். அடாப்டருக்கு வருவதோ 230 வோல்ட். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே அடாப்டர் தொட்டிக்கு மேலேயோ அடியிலேயோ வேண்டாம், தள்ளிச் சுவரில் இருக்கட்டும். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டு போங்கள். வழியும் நீர் தரையில் சொட்டிவிடும். கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் அவசியம். மீனுக்கு இரை போட ஆசைப்படும் குட்டிக் கை, தண்ணீருக்குள் போகாமல் இருக்குமா? தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணைப்பதைக் குழந்தைக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். மீன்களின் பெயர்களைப் பிறகு கற்றுக்கொள்ளட்டும்.