அப்பாவும் 32 மில்லிமீட்டரும்

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தவிர உலகத்தில் வேறெதுவும் உருப்படியாகத் தெரியாது. அப்படிப்பட்டவன் சைக்கிள் டயரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், எங்கேயோ முள் குத்தியிருக்க வேண்டும். குத்தியது. எனக்கில்லை, டயருக்கு.

விஷயம் இதுதான். நான் மதுரையில் குடியிருக்கிறேன். அப்பா திருப்புவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில், "வேப்பமரத்தை விட்டுட்டு வரமாட்டேன்" என்று தனியாக இருக்கிறார். என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு 30 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிவதற்குள் சைக்கிளில் கிளம்பி, எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து, அவரோடு இட்லி சாப்பிட்டுவிட்டு வருவது என் வழக்கம்.

"பைக் எதுக்கு நிக்குது? அதுல போனா என்னங்க?" என்பாள் மனைவி.

நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு சுகர் உண்டா?" என்று கேட்டார். உண்டு, இன்சுலின் போடுகிற அளவுக்கு. "நீங்களும் அதே க்யூவுலதான் நிக்கறீங்க. முன்னாடி நகராம பாத்துக்குங்க" என்றார். அந்த வாரமே, வெளிநாட்டுக்குக் கிளம்பிய ஒரு நண்பரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு ரோட் பைக் வாங்கினேன். ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், விரல் பருமனுக்கு 25 மில்லிமீட்டர் டயர். அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன்டா, இது டயரா, இல்ல பெல்ட்டா?"

"வேகத்துக்கு இதுதாம்ப்பா. மெலிசா இருந்தாத்தான் பறக்கும்."

"நம்ம ஊரு ரோட்டுல பறக்கத்தான் செய்யும். நீ தனியா, சைக்கிள் தனியா" என்றார்.

எங்கள் ஊர்ப் பாதையைச் சொல்ல வேண்டும். முதல் 20 கிலோமீட்டர் நாலு வழிச் சாலை. கீழடி பிரிவைத் தாண்டி திருப்புவனம் வரைக்கும் வெண்ணெய். அதற்குப் பிறகு கிளைச் சாலை. கீழடியில் தொல்லியல் துறைக்காரர்கள் தோண்டினால் பழைய நாகரிகம் வரும். எங்கள் கிளைச் சாலையில் தோண்டவே வேண்டாம், கீழடுக்கு ஜல்லி தானாகவே மேலே வந்திருக்கும். ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அதை வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது முள் சிந்திக்கொண்டே போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின் டயரில் முள் ஏறியது. மணி ஏழு பத்து. கெத்தாக டியூபை மாற்றினேன், காற்றடித்தேன், கிளம்பினேன். ரெண்டு கிலோமீட்டரில் மறுபடி புஸ்ஸ்! டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் புது டியூபைப் போட்ட புத்திசாலி நான். பழைய முள் உள்ளேயே பத்திரமாக இருந்து, புது டியூபையும் வரவேற்றிருக்கிறது.

தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். கடைக்கார அண்ணன் என் டியூபின் ஒல்லியான வால்வைப் பார்த்துவிட்டு, ஏதோ வெளிநாட்டுப் பறவையின் அலகைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்த மூக்குக்கு நம்மகிட்ட பம்ப்பு கெடையாது தம்பி." அது பிரெஸ்டா வால்வு. சாதாரண பம்ப்பில் காற்றடிக்கக் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். விலை அற்பம். அது வீட்டு மேஜை டிராயரில் இருந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "லேட்டாகும்ப்பா, சாப்பிட்டுடுங்க."

"ஆச்சுடா. நீ மெதுவா வா."

ஆகவில்லை. ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டு, ரெண்டு தட்டில் இட்லி எடுத்து மூடி வைத்துவிட்டு, வாசல் நாற்காலியில் எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் குட்டியானை வண்டி ஒன்றில் சைக்கிளோடு தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. பக்கத்து வீட்டு அக்கா அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை, கையெல்லாம் நடுக்கம். "சீனித் தண்ணி குடுத்தேன் தம்பி. இப்பத்தான் ஆளு தெளிஞ்சாரு. நான் தயிர் வாங்க வரலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அப்பா என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "தனியா எப்படிடா சாப்பிடறது?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டயரைப் பற்றி உருப்படியாகப் படிக்க ஆரம்பித்தது அன்றுதான்.

முதலில் ஒரு கூத்து. அப்பாவின் பழைய சைக்கிள் இன்னும் திண்ணையில் நிற்கிறது. அதன் டயர் கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர் அகலம். "இதை எடுத்து மாட்டிக்கயேன்" என்றார். ரெண்டையும் 28 இஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பொருந்தாது! அப்பா சைக்கிள் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர்; என்னுடையது 622. பதிமூன்று மில்லிமீட்டரில் ஒரு தலைமுறை இடைவெளி. டயர் வாங்கப் போனால் இஞ்சுக் கணக்கை நம்பாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் 32-622 என்கிற மாதிரி பொடி எழுத்தில் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். விட்டம் அச்சாகப் பொருந்த வேண்டும். அகலம், ஃப்ரேமில் இடமிருக்கிற மட்டும். மாட்டிய பிறகு ரெண்டு பக்கமும் நாலு மில்லியாவது சந்து இருந்தால் நல்லது.

அடுத்தது வேகம். மெலிந்த டயரில் கல்லு மாதிரி காற்றடித்தால்தான் வேகம் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். தப்பு. ஒரே அழுத்தத்தில் காற்றடித்தால் மெலிந்த டயர் தரையில் நீளமாக அழுந்துகிறது. அகல டயர் குட்டையாக, அகலமாக அழுந்துகிறது. நீளமாக அழுந்த அழுந்த டயர் அதிகமாக வளைந்து நிமிர வேண்டும். அந்த வளைசலில்தான் நம் மிதி சக்தி வீணாகிறது. போதாததற்கு, மோசமான ரோட்டில் கல்லு டயர் ஒவ்வொரு ஜல்லிக்கும் துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் என்னுடைய 82 கிலோவைத் தூக்கிப் போட வேண்டும். குலுங்குவது உடம்பு, செலவாவது நம் கணக்கில். அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் ஜல்லியை டயரே விழுங்கிக்கொள்கிறது.

இது புதுசு ஒன்றுமில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் டன்லப் என்ற கால்நடை டாக்டர், கருங்கல் பாவிய தெருவில் மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளுக்காகத்தான் காற்றடைத்த டயரைச் செய்தார். சொகுசுக்காகச் செய்தது. மறு வருடமே வில்லி ஹியூம் என்பவர் அந்தக் குண்டு டயரோடு பந்தயத்துக்குப் போய், கெட்டி ரப்பர் டயர்க்காரர்களை எல்லாம் தோற்கடித்தார்! பிரான்சில் 1896-ல் ஆரம்பித்த பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் கருங்கல் பாதை வரும். அதில் இன்று உலகத்தின் வேகமான ஆட்கள் 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயர்களோடுதான் வருகிறார்கள்.

அப்பா நம்பவில்லை. "காயிதத்துல இருக்கறது கெடக்கட்டும். ஓட்டிக் காட்டு." அதனால் 32 மில்லிமீட்டர் டயர் வந்ததும் பரிசோதனை. ஊர்க் கண்மாய்க்கரைச் சரிவு. மேலிருந்து மிதிக்காமல் உருண்டு வர வேண்டும். நிற்கிற இடத்தில் அப்பா சுண்ணாம்பால் கோடு போடுவார். பழைய 25 டயரில் 110 பவுண்ட் அழுத்தத்தோடு மூன்று முறை: அய்யனார் கோயில் வாசலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. புது 32 டயரில் முன்னே 60, பின்னே 65 பவுண்டோடு மூன்று முறை: மூன்று தடவையும் கோயிலைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. அப்பாவின் முகத்தில் ஒரு பெருமிதம், ஏதோ டன்லப்பே அவர்தான் என்கிற மாதிரி.

காற்றைக் குறைக்கலாம் என்றேனே, அதற்கும் அளவு உண்டு. ரொம்பக் குறைத்தால் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ரிம் டியூபைக் கடித்து ரெண்டு ஓட்டை போட்டுவிடும். அதற்குப் பெயரே பாம்புக்கடி. வாரம் ஒருமுறை மீட்டர் வைத்த பம்ப்பில் பார்த்துவிடுங்கள்.

இனி உழைப்பு. கடையில் மூன்று ஜாதி டயர் காட்டினார்கள். ஒன்று பந்தய டயர்: கால் கிலோகூட இருக்காது, ரொம்ப வேகம், முள்ளைக் கண்டால் பயம். இன்னொன்று நெடுந்தூரப் பயண டயர். ஷ்வால்பே கம்பெனியின் மராத்தான் பிளஸ்ஸில் ரப்பருக்கு அடியில் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு காப்பு மெத்தையே இருக்கிறது. ஷ்வால்பே என்றால் ஜெர்மன் மொழியில் தகைவிலான் குருவியாம். பெயர்தான் குருவி, எடை முக்கால் கிலோவுக்கு மேல்! முள் ஏறாது; எட்டு மணிக்குள் இட்லியும் கிடைக்காது. நான் எடுத்தது நடுவாந்திரம்: ஓடும் பரப்புக்கு அடியில் முள் தடுக்கும் பட்டை, பக்கச் சுவரில் ஜல்லி கிழிக்காமல் ஒரு துணியடுக்கு. கம்பெனி பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். பூ வேலைப்பாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். தார் ரோட்டில் மொழுமொழு டயரே போதும். கட்டையெல்லாம் சேற்றுக்கும் மண்ணுக்கும்தான்.

"இவ்வளவு விலையா?" என்றாள் மனைவி. இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. நான் விசாரித்தவரையில் மலிவு டயர் ரூ. 900, ஓட்டம் சுமார் 2,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 45 பைசா. இந்த டயர் ரூ. 3,200, ஓட்டம் சுமார் 6,000. கிலோமீட்டருக்கு 53 பைசா. வித்தியாசம் 8 பைசா. போக வர 60 கிலோமீட்டர், ரெண்டு டயர். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுதல் செலவு பத்து ரூபாய்கூட இல்லை.

"பத்து ரூபாய்க்கு மாமா பட்டினி கிடக்காம இருப்பார்னா வாங்குங்க" என்று சாங்ஷன் ஆனது.

ஒரு அக்கவுண்டன்சி டிப்ஸும் உண்டு. எடை பின்னால் அதிகம் என்பதால் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அப்போது முன் டயரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, புதுசை முன்னால் மாட்டுங்கள். முன் டயர் வெடித்தால் மனுஷன் கவிழ்வான். நல்ல டயர் எப்போதும் முன்னால் இருக்கட்டும்.

இதுவரை 3,100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். ஒரே ஒரு பஞ்சர். அதற்காகவும்தான் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு ஒப்பந்தம். முள்ளே ஏறாத டயர் எந்தக் கடையிலும் இல்லை. அதனால் ஊசி போட்ட அரை மணிக்குள், நான் வந்தாலும் வராவிட்டாலும், அவர் சாப்பிட்டாக வேண்டும். பக்கத்து வீட்டு அக்காதான் சாட்சி.

போன ஞாயிறு ஏழு ஐம்பதுக்குப் போனேன். தட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார் என்று பார்த்தால், பாத்திரத்தில் எனக்கான நாலு இட்லிக்குப் பக்கத்தில் தனியாக ஒன்று.

"அது யாருக்குப்பா?"

"எனக்குத்தான். மூணு அப்பவே சாப்பிட்டாச்சு. ஒண்ணு மட்டும் உன்கூட" என்றவர், எழுந்து போய் என் முன் டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.