லங்காட் ஆற்றின் மேல் எழுமீன்

பிரான்சின் ஆர்ல்ஸ் நகரில் 1888 செப்டம்பரில் வான் கோ தீட்டிய ஓவியம், ‘ரோன் ஆற்றின் மேல் விண்மீன் இரவு’. கீழே ஆற்றில் நீளும் எரிவாயு விளக்கொளி. மேலே ஏழு விண்மீன்கள். சங்கப் புலவர்கள் எழுமீன் என்றழைத்த, நாம் சப்தரிஷி மண்டலம் என்கிற அதே கூட்டம்தான்.

அதே காட்சியைத் தெலுக் பங்லிமா காராங்கில், லங்காட் ஆற்றங்கரையில் படம் பிடிக்க ஆசைப்பட்டேன். மே மாதம், இரவு 9 மணி. முக்காலியில் கேமரா; ஒரு படத்திற்கு 15 வினாடி. அதற்கு மேல் போனால் பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். ஆகவே 20 படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்கினேன்.

விளக்கொளிக்குப் பஞ்சமில்லை. கிள்ளானின் வெளிச்சத்தில் வடக்கு அடிவானமே வெளுத்திருந்தது. எழுமீன்தான் இணங்கவில்லை. ஓவியத்தில் அது நிமிர்ந்த அகப்பையாக ஆற்றின்மேல் நிற்கிறது. உண்மையில் அந்தக் கரையின் காட்சி தென்மேற்கு நோக்கியது. வடவானத்து மீன்களை வான் கோ இடம் மாற்றி வைத்தார். நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகையில் வாழும் நமக்கோ, வடக்கே உச்சத்தில் அது கவிழ்ந்த அகப்பை. நிமிரும் வேளையில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

படத்தைப் பாட்டியிடம் காட்டினேன்.

“இதுல அருந்ததி எங்கய்யா?” என்றார்.

பெரிதாக்கிக் காட்டினேன். வசிட்டருக்கு அருகே மங்கலாய் ஒரு புள்ளி. கல்யாணத்தன்று தோட்டத்து லயத்து வாசலில் நின்று பார்த்தது. அதற்குப் பிறகு இன்றுதானாம். நாம் மண்டபக் கூரையைப் பார்த்தே அருந்ததி பார்த்துவிடுகிறோம்.

நண்பர்களே, மே மாதத்தில் ஓரிரவு வெளிச்சம் குறைந்த கரைக்குச் சென்று வடக்கே பாருங்கள். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.