பொடிப்பனியில் ஓடும் பட்டை



மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று நான் போய் நின்றபோது, "கவிதைன்னா வேணாம் தம்பி, காதல் கவிதை மட்டும் ஒரு கட்டு வந்து கெடக்கு. உருப்படியா ஏதாவது எழுது" என்றார் மலர்க் குழு அண்ணன். உருப்படியாக எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். போன செமஸ்டரில் செமினாருக்காக மூன்று வாரம் மண்டையைக் குடைந்துகொண்ட விஷயம் அது. ஆழமான பனியில் மலையேறும் ஸ்னோமொபைலுக்கு எந்த டிராக் நல்லது?

சிரிக்கிறீர்கள். எங்கள் வகுப்பிலும் சிரித்தார்கள். "மச்சான், ஃப்ரீசரைத் தவிர நீ எங்கடா பனியைப் பாத்த?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது, ஆகவே அதையும் பார்த்ததில்லை. ஆனால் நீராவி டர்பைனின் உள்ளே எட்டிப் பார்த்தவன் அந்த வகுப்பில் எவன்? அதற்குப் பக்கம் பக்கமாக விடை எழுதி மார்க்கும் வாங்கினோமே!

விஷயத்துக்கு வருகிறேன். செல்போனில் ஒரு காட்சி பார்த்தேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்து மலை. ஒருவர் ஸ்னோமொபைலில் ஏறி வந்து நிறுத்துகிறார். வண்டி பனியின் மேல் நிற்கிறது. அவர் ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தார், இடுப்புவரை உள்ளே போய்விட்டார்! 200 கிலோ வண்டி மேலே, 80 கிலோ மனிதர் உள்ளே. இதென்ன கூத்து என்று தூக்கம் பிடிக்கவில்லை.

கணக்குப் போட்டேன். என் எடை 56 கிலோ. கிராஃப் தாளில் இரண்டு பாதத்தையும் வரைந்து கட்டம் எண்ணினால் 340 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் நான் நிற்கும் தரைக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.16 கிலோ பாரம். வண்டியும் ஆளும் பெட்ரோலும் சேர்ந்து 300 கிலோ என்று வையுங்கள். தரையில் படியும் பட்டை 60 அங்குல நீளம், 15 அங்குல அகலம் என்றால் 900 சதுர அங்குலம், அதாவது 5,800 சதுர சென்டிமீட்டர். பாரம் 0.05 கிலோதான் வருகிறது. முன்னால் இருக்கும் இரண்டு ஸ்கீக்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆக, அந்த வண்டி என்னைவிட மூன்று மடங்கு மெதுவாகப் பனியை மிதிக்கிறது.

மிதிக்கப்படும் பனி எப்படிப்பட்டது தெரியுமா? ஒரு கனமீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. புதிதாக விழுந்த உலர்ந்த பொடிப்பனி அதே அளவுக்கு 50 முதல் 100 கிலோ. மீதி எல்லாம் காற்று! பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் ஊருக்குப் பக்கத்தில் கோப்லேண்ட் என்று ஒரு மலை. 1971-72 குளிர்காலத்தில் அங்கே விழுந்த பனியை அளந்தால் மொத்தம் 24 மீட்டருக்கு மேல். நம் ஹாஸ்டலை இரண்டு தடவை மூடலாம்.

இனி அந்தப் பட்டை. நாம் பார்க்கும் பொக்லைனுக்கு இரும்புச் செயின். இதற்கு ரப்பர். உள்ளே துணி நார், குறுக்கே கண்ணாடியிழைக் கம்பிகள், வெளிப்புறம் வரிசை வரிசையாக ரப்பர்த் துடுப்புகள். முன்னால் இருக்கும் ஸ்ப்ராக்கெட் இதைச் சுற்றுகிறது. உள்ளே இரண்டு தண்டவாளம் போன்ற ரெயில், அதன் அடியில் வழுக்கு பிளாஸ்டிக் பட்டி. அந்தப் பட்டிமேல் பட்டை வழுக்கிக்கொண்டே ஓடும். உராய்வுச் சூடு? பனியே ஆற்றிக்கொள்ளும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரும் பட்டை வாரி இறைக்கும் பனியால்தான் குளிர்கிறது. அதனால் இறுகிப்போன ரோட்டில் ரொம்ப தூரம் ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும், பிளாஸ்டிக் உருகும். என்ன ஒரு ஏற்பாடு!

இதை யோசித்தவர்களில் முக்கியமானவர் ஒரு மெக்கானிக். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்ற சின்ன ஊரில் கராஜ் வைத்திருந்த ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே. 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயதுப் பையனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஊரைப் பனி மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. கராஜில் அவர் பல நாளாகச் செய்துகொண்டிருந்த பனிவண்டி அன்றைக்கு ஓடும் நிலையில் இல்லை. பிள்ளை போய்விட்டான். ஸ்ப்ராக்கெட்டில் கோத்து ஓடும் ரப்பர்ப் பட்டைக்கு 1937-ல் அவர் காப்புரிமை வாங்கினார். 1959-ல் ஸ்கீ-டூ என்ற சிறிய வண்டி வந்தது. இன்று மலையில் விளையாட்டாக ஏறும் வண்டிகளின் தாத்தா அதுதான். இந்த இடத்தைச் செமினாரில் சொன்னபோது பின் பெஞ்சும் பேசவில்லை.

சரி, எது நல்ல டிராக்? அதற்கு மூன்று எண் சொல்வார்கள். 154, 15, 2.6 என்றால் பட்டையின் முழுச் சுற்றளவு 154 அங்குலம், அகலம் 15 அங்குலம், துடுப்பின் உயரம் 2.6 அங்குலம். 1990-களின் நடுவில் மலைக்கு 136 அங்குலமே நீளம் என்று பேர். இப்போது 146, 154, 165, 174, 175 என்று போய்விட்டது. துடுப்பும் 3 அங்குலம்வரை வளர்ந்துவிட்டது.

எடுத்த எடுப்பில் யாரும் சொல்வது "நீளமானதே நல்லது" என்றுதான். 154-ஐ விட்டு 165 போட்டால் சுற்றளவில் 11 அங்குலம் கூடும், அதில் பாதி அடிப்பக்கத்தில் வரும். 16 அங்குல அகலத்துக்கு 88 சதுர அங்குலம் லாபம். மிதப்பு கூடுகிறது, சரிதான். ஆனால் அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்தவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். ஓடும் பட்டையில் தரையோடு ஒட்டிய பகுதி அந்த நொடியில் நிற்கிறது. மேல்பகுதியோ வண்டியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே போகிறது. அரை எம் வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். வண்டியில் கட்டிவைத்த ஒரு கிலோவுக்குச் செலவாகும் ஆற்றலைப்போல் இரண்டு மடங்கு, பட்டையில் கூடும் ஒரு கிலோவுக்குச் செலவாகும். பட்டை வழுக்கிச் சுற்றினால் இன்னும் அதிகம். இது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

அதோடு அங்கே எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கால்வாசி குறைவு. கீழே 165 குதிரைத்திறன் காட்டும் 850 சி.சி. எஞ்சின், மேலே போனால் ஏறக்குறைய 120-ல் நிற்கும். அந்த 120-ஐ வைத்துக்கொண்டு பெரிய பட்டையைச் சுற்ற வேண்டும். 2020 மாடலில் ஸ்கீ-டூ கம்பெனியே டர்போ வைத்துக் கொடுத்தது இதனால்தான்.

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டு நின்றேன். மிதப்புப் பக்கம் கணக்கு வருகிறது, சக்திப் பக்கமும் கணக்கு வருகிறது. துடுப்பு பனியைப் பிடிப்பது எப்படி என்று மட்டும் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை, அப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் வாடகை டிராக்டர் ஓட்டுபவர். சேறடிக்கிற காலத்தில் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு ராத்திரி பகல் வயலிலேயே கிடப்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். எங்கள் வீட்டுக்குப் பாலிடெக்னிக் என்ற சொல்லைக் கொண்டுவந்தவனே நான்தான். "பாடம் எப்படிப் போவுது?" என்று கேட்பார், "போவுதுப்பா" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அன்றைக்குச் செல்போனைக் காட்டினேன்.

இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, ஒரு வண்டி புதைகிற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இவன் நின்ன எடத்துலயே ஆக்சிலேட்டரைக் குடுக்குறான் பாரு. கேஜ் வீலுக்கும் இதே கததான். கம்பி தள்ளணும்னா சேறு நிக்கணும் தம்பி. சேறு நிக்கலைன்னா கம்பி வெறும் கரண்டி. அள்ளிப் பின்னால போட்டுட்டு ஆக்சில் வரைக்கும் எறங்கிடும்."

வெறும் கரண்டி! துடுப்பு பனியைத் தள்ளும்போது, தள்ளப்படும் பனி தன் இடத்தில் நின்று எதிர்த்தால்தான் வண்டி முன்னேறும். பனியின் தாங்கு திறனை மீறித் தள்ளினால் துடுப்பு பள்ளம் தோண்டத் தொடங்கிவிடும். மலை ஓட்டிகள் இதைத்தான் 'டிரெஞ்ச்' என்கிறார்கள். அப்புறம் இறங்கி, சுற்றிலும் பனியை மிதித்து இறுக்கி, வண்டியைப் புரட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்கு ஒரு மணி நேரம் அப்பாவும் நானும் டிராக் பற்றியே பேசினோம். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்தச் சாவி கிடைத்தபின் மற்றதெல்லாம் திறந்துகொண்டது. துடுப்பு 3 அங்குலம் என்றால் ஒரு தடவைக்கு அதிகப் பனியைப் பிடிக்கும். காற்றாய்க் கிடக்கும் உலர்ந்த பொடிக்கு அது வேண்டும். யூட்டா, வயோமிங் பக்கத்துப் பனி அந்த ரகம். யூட்டாக்காரர்கள் பூமியிலேயே சிறந்த பனி எங்களுடையது என்று வண்டி நம்பர் பலகையிலேயே எழுதிக்கொள்கிறார்கள்! பசிபிக் கடலோர மலைகளில் விழுவது ஈரமான, கனத்த பனி. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப் பனிக்கு 'சியரா சிமென்ட்' என்றே பட்டப்பெயர். (சிவில் நண்பர்கள் கவனிக்க.) அந்த மாதிரிப் பனியும், வசந்த காலத்தில் இறுகும் பனியும் நன்றாக எதிர்த்து நிற்கும். அங்கே 2.5, 2.6 அங்குலமே போதும். மூன்று அங்குலத் துடுப்பு மடங்கி மடங்கி எஞ்சின் சக்தியைத் தின்னும். ரப்பரின் கடினமும் இப்படியே. மெத்தென்றிருந்தால் துடுப்பு கொஞ்சம் வளைந்து கொடுத்து வண்டியை மேலே வைத்திருக்கும். கெட்டியாக இருந்தால் நறுக்கென்று கடிக்கும், பொடியில் சீக்கிரம் தோண்டும்.

பிட்ச் நமக்குப் பழகிய சங்கதி. 2.86 அங்குலப் பிட்ச் என்றால் 154 அங்குலப் பட்டையில் 54 கட்டம். 3.5 அங்குலப் பிட்ச் என்றால் 165 அங்குலப் பட்டையிலேயே 47 கட்டம்தான். துடுப்பு வரிசைகளுக்கு இடையே அதிகப் பனி நிற்க இடம் கிடைக்கும், பட்டையும் இலேசாகும். இறுகிய பாதையில் அதிர்வு கூடும், அது விலை.

அகலத்தில் 15-ஆ 16-ஆ என்பது சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது தெரியும். அப்போது வண்டியை ஒரு விளிம்பில் சாய்த்துப் பிடித்து, ஒரு ஸ்கீ அந்தரத்தில் நிற்க ஓட்டுவார்கள். அகலம் கூடக்கூடச் சாய்ப்பது கஷ்டம். 2013 மாடல் ஸ்கீ-டூ சம்மிட்டில் ஒரு வேலை செய்தார்கள். குறுக்குக் கம்பிகளை விளிம்புவரை கொண்டுபோகாமல் முன்னாலேயே நிறுத்தினார்கள். விளிம்பு வளைந்து கொடுத்ததால் 16 அங்குலமும் சுலபமாகச் சாய்ந்தது. கம்பியைக் குறைத்தே காரியத்தைச் சாதித்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

நீளத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிவரை சாய்ந்த மலையில்தான் வருகின்றன. 136 அங்குலப் பட்டை திணறித் திரும்பிய அந்தச் சரிவுகளில் 165-ம் 175-ம் ஜம்மென்று ஏறிவிடுகின்றன. 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி ஊருக்கு அருகே 11 பேர் ஸ்னோமொபைலில் போயிருந்தார்கள். பனிச்சரிவு சிலரைப் புதைத்தது. மற்றவர்கள் தோண்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சரிவு வந்தது. 8 பேர் இறந்தார்கள். 2010 மார்ச்சில் ரெவல்ஸ்டோக் பக்கத்து பௌல்டர் மலையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றிருந்தபோது சரிவு வந்து 2 பேர் போனார்கள். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைப்பார். அதனால் சிக்னல் அனுப்பும் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவர் உடம்போடும் இருக்க வேண்டும். வண்டியில் கட்டி வைத்தால் வண்டியோடு போய்விடும்.

செமினார் முடிவில் சார் கேட்டார், "சரிப்பா, உனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தா எதை எடுப்ப?" 154-ஐ எடுப்பேன் சார் என்றேன். அகலம் 15, துடுப்பு 2.6, மெத்தென்ற ரப்பர். நான் 56 கிலோ, எனக்கு அந்த மிதப்பே அதிகம். மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்பும். புதைந்தாலும் இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். 90 கிலோ ஆளாக இருந்து, யூட்டாவில் மார்பளவு பொடியில் திறந்த வெளியாக ஓட்டுவதென்றால் 165-ம் 3 அங்குலமும் எடுக்கலாம். 175-ஐ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஆழம் ஜாஸ்தியானா என்ன பண்ணுவ?" என்று மணி அடித்த பிறகும் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.