செத்த போர்டும் சீரிஸ் லேம்ப்பும்

பிரெட்போர்டில் செருகிய எல்.இ.டி. எரியவில்லை. மூன்று தலைகள் அதன்மேல் கவிந்திருக்கின்றன. ஒரு பையன் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகுகிறான். இன்னொருவன், "ஐ.சி. போயிருக்கும், மாத்திப் பாக்கலாம்டா" என்கிறான். மூன்றாவது ஆளான மாணவி எதையும் பிடுங்கவில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் ஊன்றி, சிவப்பு முனையால் ஐ.சி.யின் எட்டாவது காலைத் தொட்டார். 5 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

"சப்ளையே வரலைடா. ஐ.சி. என்ன பண்ணும்?"

நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரமாக ஓடும் சப்ளை வரிசை நட்டநடுவில் துண்டாகியிருக்கும். சின்ன ஜம்பர் ஒயர் ஒன்றால் இரண்டு பாதியையும் இணைத்தால்தான் மறுபக்கத்துக்கு மின்சாரம் போகும். அவர் இணைத்தார். எல்.இ.டி. நொடிக்கு ஒருமுறை மின்னத் தொடங்கியது.

சென்னையின் தென்பகுதியில் இருக்கும் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் அது. நம் வீட்டு டி.வி.யையும் ஏ.சி.யையும் திறந்து பார்க்கிற கை எங்கே, எப்படிப் பழகுகிறது என்று தெரிந்துகொள்ளப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு முடித்தால் மூன்று வருட டிப்ளமோ. பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்த, கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள். அந்த மாணவி செங்கம் பக்கத்து ஊர்க்காரர், விடுதியில் தங்கியிருக்கிறார். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயைச் சேர்த்து வாங்கியதுதான் கையிலிருந்த மல்டிமீட்டர். ஆய்வக மீட்டர்களில் பாட்டரி பாதி நாள் இருக்காது என்றார்.

அன்று அவர்கள் செய்துகொண்டிருந்தது 555 டைமர் சோதனை. ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1971இல் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐ.சி. அது. கால்கள் எட்டே எட்டு. அரை நூற்றாண்டு தாண்டியும் உலகம் முழுக்க எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளின் கையில் முதலில் வந்து உட்காரும் ஐ.சி.களில் அதுவும் ஒன்று. அதற்குக் காரணம் உண்டு. 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று. முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதின் இரு மடங்கைக் கூட்டி, கண்டன்சரின் அளவால் பெருக்கி, 1.44ஐ அந்த விடையால் வகுத்தால் ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ். நோட்டில் போட்ட கணக்கு கண்ணெதிரே நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கணிதத்தின் மேல் நம்பிக்கை வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டினேன். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, அட்டவணை, முடிவு. கடைசி வரி எல்லா நோட்டிலும் ஒன்றுதான்: சுற்று அமைக்கப்பட்டு, வெளியீடு சரிபார்க்கப்பட்டது. சற்றுமுன் அந்தப் பெண் சப்ளையிலிருந்து தொடங்கி, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தாரே, அதை எழுத நோட்டில் ஓர் ஓரம்கூட இல்லை. அன்று அந்த மேசையில் நடந்த உருப்படியான படிப்பே அதுதான் என்பது என் எண்ணம்.

ஆய்வகத்துக்குப் பொறுப்பான ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "எனக்கும் அதே ஆதங்கம்தான் சார்" என்றார். "சுற்று எப்படி வேலை செய்யுதுன்னு நாங்க சொல்லிக் கொடுத்துடறோம். எப்படிக் கெட்டுப்போகுதுன்னு இவங்க எங்க கத்துக்கிறது? நாளைக்கு புராஜெக்ட் சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போறாங்க. நீங்களும் கூடப் போங்க."

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. அதையும் நரசிங்கபுரம் தெருவையும் வாலர்ஸ் சாலையையும் சேர்த்துத்தான் எல்லோரும் ரிச்சி ஸ்ட்ரீட் என்கிறார்கள். லேப்டாப், சி.சி.டி.வி. என்று முகப்பெல்லாம் பளபளப்பு. மாடிப்படி ஏறினாலோ, ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துக்குள் போனாலோதான் பழைய தெரு இருக்கிறது. டப்பா டப்பாவாக ரெசிஸ்டர், டயோடு, ரிலே, டிரான்ஸ்ஃபார்மர். "பி.சி. 547 பத்து, 4007 இருபது, 7805 ரெண்டு" என்று பிள்ளைகள் சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கடைக்காரர் தலையைத் திருப்பாமலே டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்துப் போடுகிறார். காலணாவுக்கும் அரையணாவுக்கும் வியாபாரம் செய்த காலத்து நிதானம் ரூபாய்க் கணக்கிலும் தொடர்கிறது. எழுதிவைத்த பொருள் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடு எது என்பதும் இங்கே வாய்ப்பாடு.

அந்தச் சந்துகளில் ஒன்றின் கடைசியில் சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவர். சட்டைப் பையில் ட்வீசர், மேசைமேல் ஒரு குண்டு பல்ப். ஆசிரியைக்குத் தெரிந்தவர் என்பதால் பிள்ளைகளை உள்ளே விட்டார். மேசையில் 32 இன்ச் டி.வி. ஒன்றின் பவர் போர்டு. ஆன் செய்தால் வருவதுபோல் வந்து அணைந்துவிடுகிறது, மறுபடி வருகிறது, அணைகிறது.

முதலில் போர்டை அவர் நேராக கரன்ட்டில் போடவில்லை. குண்டு பல்ப்பின் வழியாகப் போட்டார். இதுதான் சீரிஸ் லேம்ப். போர்டில் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். மின்சாரத்தின் வேகத்தைப் பல்ப் வாங்கிக்கொள்ளும், போர்டு வெடிக்காது. ஷார்ட் இல்லையென்றால் பெரிய கண்டன்சர் சார்ஜ் ஆகும் அந்தக் கணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். இங்கே மங்கியது. "உயிர் இருக்கு" என்றார் அண்ணன். இழை பல்ப்புகள் கடைகளில் அருகிவிட்டன. இவர் அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறார்.

அடுத்து பெரிய கண்டன்சரின் இரு காலிலும் மீட்டரை வைத்தார். 320 வோல்ட். செங்கத்துப் பெண் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "230 இன்டு ரூட் டூ" என்றார். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325. அதை நான்கு டயோடு டி.சி.யாக்கிக் கண்டன்சரில் நிரப்பினால் 320 சொச்சம் நிற்கும். அண்ணனுக்கு அந்த எண் அனுபவம், அந்தப் பெண்ணுக்கு அது வாய்ப்பாடு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

320 வந்துவிட்டதால் ஃபியூஸ் நல்லது, டயோடு நல்லது, பெரிய கண்டன்சர் நல்லது. பாதி போர்டை விசாரணையிலிருந்து விடுவித்தாயிற்று. பிளக்கைப் பிடுங்கியபின் கண்டன்சரில் தேங்கிய சார்ஜை ஒரு ரெசிஸ்டரால் மெதுவாக இறக்கினார். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து டப்பென்று அடிக்கும் பழக்கத்தை அவர் தன் கடையில் அனுமதிப்பதில்லை. பிள்ளைகளிடம் அன்று அவர் குரலை உயர்த்திச் சொன்னது இது ஒன்றைத்தான்: "பிளக்கைப் பிடுங்கிட்டோம்னு கை வைக்காதீங்க. மீட்டர் சொன்னாத்தான் செத்துடுச்சுன்னு அர்த்தம்."

இனி இரண்டாம் பாதி. 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையே ஆடியது. அங்கே மூன்று கண்டன்சர்கள். பழுதானால் பெரும்பாலும் தலை உப்பும். அப்படி உப்பினால் அழுத்தம் வெளியேறத்தான் தலையில் சிலுவைக் கீறல் போட்டிருக்கிறார்கள். இவற்றில் எதுவும் உப்பவில்லை. மீட்டரில் மைக்ரோஃபாரட் அளவும் ஏறக்குறையச் சரியாகவே வந்தது. பையன்கள் முகத்தில் குழப்பம். அண்ணன் புதுக் கண்டன்சர் ஒன்றை எடுத்து, போர்டின் அடிப்பக்கம், பழையதற்கு இணையாகத் தற்காலிகமாகப் பற்றவைத்து ஆன் செய்தார். 12 வோல்ட் அசையாமல் நின்றது.

"அளவு சரியா இருந்துச்சேண்ணா, பின்ன ஏன்?" என்று கேட்டான் ஒருவன்.

பதிலை அந்தப் பெண் சொன்னார். கண்டன்சருக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸ் உண்டு, இ.எஸ்.ஆர். என்று பெயர். உள்ளே இருக்கும் திரவம் காயக் காய அது ஏறும். அளவு சரியாகக் காட்டினாலும், வேகமாக வந்துபோகும் கரன்ட்டை அதனால் தாங்க முடியாது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, பழையதைக் கழற்றி, அது நின்றிருந்த இடத்தைக் காட்டினார். பக்கத்திலேயே அலுமினிய ஹீட்சிங்க். கண்டன்சரின் உடம்பில் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கிறது. பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. ஹீட்சிங்கோடு ஒட்ட நிற்கவைத்தால் ஆயுள் எங்கே இருக்கும்? வடிவமைத்தவர் அரை அங்குலம் தள்ளி வைத்திருந்தால் இந்த டி.வி. இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். அண்ணன் புதியதன் காலைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ஹீட்சிங்கிலிருந்து விலக்கிச் சாய்த்து வைத்தார். அடியில் ஒரு சொட்டு பசை.

சால்டரிங்கை அந்தப் பெண்ணையே செய்யச் சொன்னார். அயர்னின் முனை போர்டின் செம்பையும் பாகத்தின் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டும் சூடேறிய பிறகு ஈயத்தை அந்த இடத்தில் காட்ட வேண்டும், அயர்னில் அல்ல. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் குழம்பு நிலையே இல்லாமல் சட்டென்று உருகி, சட்டென்று உறையும். காலைச் சுற்றிச் சரிவாகப் படர்ந்து பளபளத்தால் நல்ல ஜாயின்ட். கோலிக்குண்டு போல உருண்டு நின்றால் உள்ளே பிடிக்கவில்லை என்று பொருள். மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பது இந்தக் கோளாறைத்தான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, காலைச் சுற்றி மயிரிழை வட்டமாக விரிசல் விடுவதையும் அப்படியே சொல்கிறார்கள். லென்ஸ் வைத்தால்தான் தெரியும். தட்டினால் ஓடும், கொஞ்ச நேரத்தில் நிற்கும் எத்தனையோ செட்டுகளுக்கு அந்த வட்டம்தான் வியாதி. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது முதல் உலகச் சந்தைக்கான போர்டுகள் காரீயமில்லா ஈயத்துக்கு மாறின. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், ஜாயின்ட் மங்கலாகவே இருக்கும். பளபளப்பை மட்டும் நம்பிய கண் ஏமாந்துபோகும்.

வேலை முடிந்ததும் அண்ணன் ஒரு நீள நோட்டை எடுத்தார். மாடல் எண், கோளாறு, பார்த்த வோல்ட்டேஜ், மாற்றிய பாகம் என்று வருடக்கணக்காக எழுதி வருகிறார். பல பக்கங்களில் கையால் வரைந்த சர்க்யூட். பழைய ரேடியோ, டி.வி.க்களோடு சர்க்யூட் படம் கூடவே வரும். சிலவற்றில் பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டியே இருக்கும். இப்போது கம்பெனிகள் அதைக் கண்ணில் காட்டுவதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிமுறை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. இந்த மேசைக்கு இன்னும் எந்தப் படமும் வந்து சேரவில்லை. அதனால் ஒரு சர்வீஸ்காரர் தானே போர்டைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறார். இந்த உழைப்புக்கு இந்தச் சமூகம் ஒரு மரியாதையும் செய்ததில்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

டிப்ளமோ முடித்த பிள்ளைகளில் கணிசமானோர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறார்கள். நோக்கியா ஆலை 2006இல் அங்கே வந்து, 2014 நவம்பரில் மூடியதை இந்த ஆசிரியை கண்ணால் பார்த்தவர். இவரிடம் படித்தவர்கள் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். ஆலையில் ஈயப் பசை அச்சடிப்பது, பாகங்களைப் பொறுக்கி வைப்பது, அடுப்பில் உருக்குவது எல்லாம் எந்திரம். சோதனையில் தேறாத போர்டு வந்து சேரும் ரீவொர்க் மேசையில்தான் டெக்னீஷியனின் மூளைக்கு வேலை. அங்கே உட்கார்ந்தவர்கள் ஆலை மூடியபின் வேறிடத்தில் சீக்கிரம் வேலை பிடித்தார்கள், லைனில் நின்றவர்கள் திண்டாடினார்கள் என்றார் ஆசிரியை. ஆபரேட்டராகச் சேர்வது தவறில்லை. வீட்டில் கடன் இருக்கும்போது எந்தச் சம்பளமும் சம்பளம்தான். ஆனால் மூன்று வருடம் படித்த கை ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கிக்கொண்டிருந்தால், படித்தது அதே வேகத்தில் கழன்றுவிடும்.

ஆசிரியை சும்மா ஆதங்கப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை. ரிச்சி தெருவில் எடைக்குப் போடும் செத்த போர்டுகளை வாங்கிவந்து ஆய்வகத்து அலமாரியில் அடுக்கியிருக்கிறார். சனிக்கிழமை மதியம், விருப்பப்பட்டவர்கள் மட்டும். ஆளுக்கொரு போர்டு, மேசைக்கொரு சீரிஸ் லேம்ப். உயிர்ப்பித்தே ஆகவேண்டும் என்பதில்லை. எங்கே தொடங்கினாய், எதையெதைச் சரி என்று விடுவித்தாய், எங்கே நின்றாய் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். பாடத்திட்டத்தில் இது கிடையாது, மதிப்பெண் கிடையாது. மாநிலம் முழுக்க எல்லா பாலிடெக்னிக்கிலும் மதிப்பெண்ணோடு இது வரவேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

ரிச்சி தெருவிலிருந்து திரும்பும் ரயிலில் செங்கத்துப் பெண்ணிடம் அடுத்து என்ன என்று கேட்டேன். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம், ஆலைக்குப் போகலாம், இரண்டும் யோசனையில் இருக்கின்றன. ஆனால் அவர் உற்சாகமாகப் பேசியது வேறொன்றைப் பற்றி. ஊரில் வீட்டு இன்வெர்ட்டர், எடைமெஷின், பம்புசெட் பேனல் எது போனாலும் திருவண்ணாமலைக்கு எடுத்துப்போகிறார்கள். திரும்பி வர வாரக்கணக்காகிறது. அதுவரை தண்ணீர் பாய்ச்ச முடியாது. "பொண்ணு கடை போட்டா யாரு வருவாங்கன்னு அம்மா கேக்குறாங்க சார். மோட்டார் ஓடலைன்னா எல்லாரும் வருவாங்க." கடைக்கு முதலில் என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்: சூடு கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன், இ.எஸ்.ஆர். மீட்டர், ஒரு லென்ஸ் விளக்கு. ரிச்சி தெருவில் மூன்றுக்கும் விலை கேட்டு நோட்டில் குறித்திருந்தார். குண்டு பல்ப் மட்டும் அண்ணனிடமே இரண்டு வாங்கிவிட்டார்.