இருவாசல் பானை

2024 சித்திரையில் ஓர் இரவு, செல்பேசி அதிர்கிறது என்று எண்ணி நாங்கள் இருவருமே படுக்கையில் எழுந்து உட்கார்ந்தோம். இரண்டு பேசிகளும் அணைந்து கிடந்தன. ஓசை தாழ்வாரத்திலிருந்து வந்தது. அடித்தொண்டையில் உருளும் தணிந்த உறுமல். நிற்கும், மறுபடி தொடங்கும். விளக்கைப் போட்டபோது மிளகு தன் பின்புறத்தை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி, பஞ்சுவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். கோயில் தேர் திரும்பும்போது உண்டாகும் அசைவு அது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. பஞ்சு தலையைத் தாழ்த்தி ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தான்.

நாங்கள் சிரித்தோம். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறோம்.

இருவரும் கினிப் பன்றிகள். விராலிமலையில் எங்கள் தெருவுக்கு அவர்கள் ‘சீமை எலி’. பன்றியும் அல்ல, கினி நாட்டுக்கு உரியனவும் அல்ல. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டார் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறைச்சிக்காகப் பழக்கிய பிராணி; பெருவில் இன்றும் அடுப்படியில் வளர்க்கிறார்கள். அந்த ஆண்டு தையில், திருச்சியில் ஒரு கடையில் ‘ஆணும் பெண்ணும், நல்ல ஜோடி’ என்று சொல்லி மகளின் கையில் கொடுத்தார்கள். தாயை விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த குட்டிகள். ஜோடி இல்லை, இரண்டும் ஆண் என்பது பங்குனியில்தான் தெரிந்தது.

அந்த இரவுக்குப் பிறகு உறுமல் அன்றாடமாயிற்று. ஒருவன் மீது மற்றவன் ஏறுவான். பின்புறத்தைத் தரையில் இழுத்துத் தன் வாடையைப் பூசிச் செல்வான். இருவரும் எதிரெதிரே நின்று மோவாயை உயர்த்துவார்கள். யார் தலை உயரம் என்று அளப்பது போல இருக்கும். பஞ்சு ‘வீச்’ என்று கத்துவான். கத்தல் கேட்டதும் எங்களில் யாரேனும் ஓடிப்போய் ஒருவனைத் தூக்கிவிடுவோம். பாவம், அடிபடுகிறானே என்ற பதற்றம். நாளுக்கு நான்கைந்து முறை. தூக்கப்பட்டவன் பெரும்பாலும் மிளகு. குற்றவாளி அவன்தான் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது.

சித்திரை முற்றியது. அந்த ஆண்டு வெயிலைப் பற்றி இப்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைநாட்டுப் பிராணி, முப்பது பாகைக்கு மேல் போனாலே அதன் உடல் தடுமாறும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம். சந்தையில் ஒரு மண்பானை வாங்கி, வெளிப்புறத்தை நனைத்துப் படுக்கவைத்தோம். பானையின் உள் அவ்வளவு குளிர்ச்சி. முதல் நாள் இருவரும் உள்ளே ஒட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் படம்கூட எடுத்தோம்.

மூன்றாம் நாள் நண்பகலில் பானைக்குள்ளிருந்து வேறோர் ஓசை. பற்களை ஒன்றோடொன்று தட்டும் ஓசை, சோழிகளைக் குலுக்குவது போல. உறுமலைக் கண்டு பதறிய நாங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. ஓசை சின்னதாக இருந்தது. அடுத்த கணம் இருவரும் ஒரே உருண்டையாகப் பானையிலிருந்து வெளியே உருண்டார்கள். எங்களில் ஒருவர் அறிவில்லாமல் வெறுங்கையை நடுவில் விட, கட்டைவிரலில் பல் எலும்புவரை இறங்கியது. முறத்தையோ கனத்த துணியையோ நடுவில் செருக வேண்டும் என்பது பின்னால் கற்றது. பிரித்துப் பார்க்கையில் பஞ்சுவின் இடக்காது மடல் கிழிந்து தொங்கிற்று. மகள் அழவில்லை. “நீங்கதானே ஒண்ணா வச்சீங்க” என்று மட்டும் சொன்னாள்.

தனித்தனிப் பெட்டிகள். காது ஆறத் தொடங்கியது. ஆனால் பஞ்சு தின்பதைக் குறைத்துவிட்டான். அருகம்புல்லை முகர்ந்துவிட்டு விலகிவிடுவான். இந்தப் பிராணி ஒரு நாள் முழுவதும் தின்னாதிருந்தாலே குடல் நின்று போகக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். கொய்யாத் துண்டை விரலில் வைத்து ஊட்டினோம். மனிதரைப் போலவே இதன் உடலும் சி வைட்டமினை உண்டாக்கிக்கொள்ளாது. கொய்யாவும் குடைமிளகாயும் இல்லையேல் ஈறு புண்ணாகிவிடும். 1907-ல் நார்வேயின் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் கடலோடிகளின் ஸ்கர்வி நோயைக் கினிப் பன்றிகளிடம் வரவழைத்துக் காட்ட முடிந்தது இதனால்தான். இரவில் அவன் மிளகின் பெட்டி இருந்த பக்கத்துச் சுவரோடு ஒட்டிக் கிடந்தான். அடித்தவனைத் தேடுகிறானா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பின்தெருவில் வாடிக்காளை வளர்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலகச் சாதனை என்று ஊரே கொண்டாடிற்றே, அதில் தன் காளையும் ஒன்று என்பதை எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவார். கட்டுப்போட்ட விரலைப் பார்த்து விவரம் கேட்டார். சொன்னோம். பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரே தொட்டியில ரெண்டு காளைக்குத் தண்ணி காட்டுவாங்களா தம்பி? உள்ள இருக்கிறவன் எந்த வழியா வெளிய போவான்? வாசல்ல அவன்ல நிக்கிறான்.”

நாங்கள் படிக்கத் தொடங்கியது அதன் பிறகு. ஜெர்மனியின் ம்யூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்ஸரும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் கினிப் பன்றிகளின் சமூக வாழ்வை ஆராய்ந்தவர்கள். பெரிய கூட்டத்தில் வளர்ந்த ஆண், முன்பின் அறியாத ஆணோடு புதிய இடத்தில் விடப்பட்டாலும் பெரிதாகச் சண்டையிடுவதில்லை. அதன் குருதியில் கார்ட்டிசாலும் அவ்வளவாக ஏறுவதில்லை. தனியாகவோ ஒரு பெண்ணோடு மட்டுமோ வளர்ந்த ஆண் கடித்துக் குதறுகிறது. வேறுபாடு பிறவிக் குணத்தில் இல்லை. கூட்டத்தில் வளரும் இளைஞன் மூத்த ஆண்களிடம் உரசி, துரத்தப்பட்டு, எப்போது விலக வேண்டும் என்பதை அந்தப் பருவத்தில் கற்றுவிடுகிறான். அதே குழுவினர் இதன் காட்டு உறவான கேவியோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். வீட்டுப் பிராணி காட்டுப் பிராணியைவிடச் சண்டை குறைந்தது, கூட்டுறவு மிகுந்தது. ஆக, உறுமலும் இடுப்பசைவும் தலையுயர்த்தலும் சண்டை அல்ல. சண்டையில்லாமல் முடிவுக்கு வருவதற்கான பேச்சு. பற்களைத் தட்டுவது அந்தப் பேச்சு முறியப்போகிறது என்பதற்கான கடைசி அறிவிப்பு.

எங்கள் இருவர் அந்த ஆய்வின் எந்தக் கூண்டிலும் சரியாகப் பொருந்தமாட்டார்கள்தாம். ஆனால் விலகக் கற்றுத்தரும் மூத்தவர் எவரும் அவர்களுக்கும் வாய்க்கவில்லை. தமக்குள்ளே கற்க முயன்றபோதெல்லாம் நாங்கள் பாதியில் தூக்கிவிட்டோம். ஒரு மாதமாக முடிக்கவிடாத பேச்சு, ஒரே வாசல் கொண்ட பானைக்குள், நாற்பது பாகை வெயிலில் முடிந்தது.

இதில் வேடிக்கை ஒன்று. நாங்கள் வாழ்வது மயில்களின் ஊரில். ஆண்மயில்கள் தோகை விரித்து ஒன்றையொன்று சுற்றுவதும், எம்பிக் கால் நகத்தால் உதைப்பதும் மொட்டைமாடியிலிருந்து தெரியும். நின்று பார்ப்போமே தவிர, எவரும் குறுக்கே போய் மயிலைத் தூக்கியதில்லை. முருகனின் வாகனத்துக்குக் கொடுத்த மரியாதையைத் தாழ்வாரத்து எலிக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

ஆடியில் மீண்டும் சேர்த்தோம். இருவர் வாடையும் படாத பின்கட்டு முற்றத்தில், பலகையால் பெரிதாக அடைத்து, இரண்டு தண்ணீர்த் தட்டு, இரண்டு புற்குவியல். குயவரிடம் சொல்லி இரண்டு பானைகளின் அடியையும் தட்டி எடுத்தோம். வாங்கிய பானையை உடைக்கச் சொன்ன கிராக்கியை அவர் அதற்கு முன் கண்டதில்லையாம். முறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். மிளகு உறுமினான், அசைந்தான், ஏறினான். பஞ்சு கத்தினான். கைகள் தாமாக எழுந்தன. மகள்தான் எங்கள் முழங்கையைப் பிடித்து அமர்த்தினாள். இரண்டு மணி நேரத்தில் இருமுறை பல் தட்டும் ஓசை கேட்டது, இருமுறையும் பஞ்சு தலை தாழ்த்தி விலகினான். அந்தியில் இருவரும் ஒரே குவியலில் புல் தின்றார்கள். பஞ்சு அப்படித் தின்று நாங்கள் பார்த்து எட்டு வாரமாகியிருந்தது.

மகளுக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. ஏன் எப்போதும் பஞ்சுவே விலக வேண்டும் என்று கேட்கிறாள். கிழிந்த காது அவனுடையது. அவள் கேள்விக்கு நாங்கள் சொன்ன எந்த விடையையும் அவள் ஏற்கவில்லை. ஏற்கத் தக்க விடை எங்களிடம் இருந்ததாகவும் தோன்றவில்லை. அடுத்த கோடையில் ஒரு வாரம் மறுபடி இறுக்கம் வந்தது. நடுவில் கம்பி வலை வைத்தோம், மூக்கோடு மூக்கு தொடும்படி. பிறகு எடுத்துவிட்டோம்.

காது ஆறிவிட்டது, பிளவு மூடவில்லை. பானைகள் அருகருகே கிடக்கின்றன. பஞ்சு எந்தப் பானையில் படுத்திருக்கிறானோ அதுதான் மிளகுக்கு வேண்டும். அவன் முன்வாசலில் வந்து நின்று உறுமியதும் பஞ்சு பின்வாசல் வழியே இறங்கி அடுத்த பானைக்குள் போய்விடுகிறான். சற்று நேரம் கழித்து மிளகு எழுந்து அந்தப் பானைக்கு வருகிறான். ஒரு ஞாயிறு பிற்பகலில் மகள் நோட்டில் கோடு கிழித்து எண்ணினாள். பதினோரு முறை.